வியாழக்கிழமை ஒன்பது மணி நிகழ்ச்சி

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
28.3.1967

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் போய் ஒரு கிழமையாகிறது. இவ்வளவு நாளும் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வேலை கூடிவிட்டது என்று எழுதலாம். அந்தச் சாக்குப்போக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

றஹ்மாவுக்கு நீங்கள் அனுப்பிய சட்டை கட்டை. முழங்காலுக்கு மேலே நிற்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயது அளவில் வாங்கியிருக்கிறீர்கள். எனக்குத்தான் எரிச்சல் வந்தது, அவளுக்கு வரவில்லை. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "வாப்பாட கணக்கு சரிதான் உம்மா. போன பெருநாளைக்கும் வரல்ல, இந்தப் பெருநாளைக்கும் வரல்ல. வராத ரெண்டையும் கழிச்சா எனக்குப் பத்து வயசுதானே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அயல் முழுக்கப் போய் வந்தாள்.

என் கூடப்பிறந்த மஜீத் காக்கா குர்பான் இறைச்சி கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே தொடங்கிவிட்டார்.

"எங்க புள்ள பிடில்காரன்? பெருநாள் தொழுகைக்கும் வரல்லியா? தக்பீரும் றேடியோவிலதானா?"

"ஒலிபரப்பு இருக்கு காக்கா. விட்டுட்டு வர ஏலாது."

"நாங்க சீதன வீட்டையும் குடுத்து, மாப்பிள்ளைய றேடியோவுக்கு வாடகைக்கும் விட்டிருக்கம்" என்றார். றஹ்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். குசினிக்குள் போன பிறகுதான் அது சிரிக்கும் கதை அல்ல என்று தெரிந்தது.

உங்கள் வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில், துறைமுகத்து மண்டபத்தில் நீங்கள் வாசித்ததைக் கேட்டுத்தான் இந்தக் கலியாணத்துக்குத் தலையாட்டினேன். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் வியாழக்கிழமைகளில் ஒன்பது மணிக்குப் பிள்ளை றேடியோவுக்கு முன்னால் வந்து குந்துவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எத்தனை வயலின் சேர்ந்து வாசித்தாலும் உங்களுடையதைப் பிரித்தெடுத்து "அந்தா வாப்பா" என்று பெட்டியைத் தொடுவாள். எனக்கும் தெரியும். நான் தொடுவதில்லை.

ஒரு கிழமை வந்து நில்லுங்கள். குடாவைக் கடந்து போகும் மூதூர் லாஞ்சியில் அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஜெஸீமா


வெள்ளவத்தை,
கொழும்பு.
5.4.1967

அன்புள்ள ஜெஸீமா,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

சட்டை விஷயம் என்னைச் சுட்டது. கடைக்காரன் பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டச் சொன்னான். காட்டினேன். என் கை எந்த வருடத்தில் நின்றது என்பது உன் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. அவளிடம் சொல், அடுத்த சட்டையை அவளையே கடைக்குக் கூட்டிப்போய் வாங்குவேன்.

மஜீத் மச்சானுக்கு என் சலாம். வாடகைக் காசு அவருக்கு வந்து சேருகிறதா என்று கேள்.

உனக்கு ஒன்றை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், இன்னொரு தரம் சொல்கிறேன். றேடியோ வேலை கடை வேலை அல்ல, பலகையைப் போட்டுப் பூட்டிவிட்டு வர. ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு ஒன்பது மணிக்கு ஆள் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் நிற்க வேண்டும். றேடியோவில் என் வயலின் கேட்டால், அந்த நிமிடம் நான் கொழும்பில் நிற்கிறேன் என்று நீ எழுதியே வைத்துக்கொள்ளலாம். காலையில் வாத்தியக்குழுவின் ஒத்திகை. பின்னேரம் யாருடைய பாட்டுக்காவது போக வேண்டும். மாதக் கடைசியில் யாழ்ப்பாணம். நான் ஒரு தரம் ஏலாது என்று சொன்னால், அடுத்த தரம் என் கதிரையில் வேறொருவன் இருப்பான். அவன் என்னை விட நன்றாக வாசித்தும் விடுவான். அதுதான் பயம்.

இதையெல்லாம் எழுதும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்து வாசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அதனால் திரும்ப வாசிக்காமல் தபாலில் போடுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் பார்க்கிறேன். நாள் குறிக்க மாட்டேன். நான் நாள் குறித்தால் என்ன நடக்கும் என்பது உங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்புடன்,
அபூதாஹிர்


கிண்ணியா.
9.6.1967

ஜெஸீமா,

றஹ்மாவை அடக்கி ஒரு கிழமையாகிறது. என் கூடப்பிறந்த ராத்தா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். குடாவுக்கு அந்தப் பக்கம் உன் வீடு இருக்கும் குன்று தெரிகிறது. இதைத் தபாலில் போடத் தேவையில்லை, யாரிடமாவது கொடுத்துவிடலாம். ஆனால் தபாலில்தான் போடுவேன்.

நான் வந்த ரயில் கல்ஓயாச் சந்தி கழிந்ததும் காட்டுக்குள் நின்றுவிட்டது. முன்னால் போன சாமான் வண்டி தடம் புரண்டிருந்தது. விடிந்து, வெயில் ஏறி, சனம் இறங்கித் தண்ணீர் தேடிப் போய்த் திரும்பியது. நான் இறங்கவில்லை. உன் தந்தியில் பிள்ளையின் பெயரோடு 'கடுமை' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதா, நேரே வீட்டுக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேசனால் இறங்கி வரும்போது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெகு நேரமாகியிருந்தது. தொப்பி போட்ட ஆட்கள் கூட்டமாக எதிரே வந்தார்கள். காலில் மண். சலாம் சொல்லி, யாருடைய ஜனாஸா என்று கேட்டேன். என்னைப் பார்த்தார்கள்.  ஒரு வயதான மனிதர் என் கையிலிருந்த வயலின் பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மையவாடியில் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீஸான் கட்டை இரண்டும் புதிதாக நின்றன. மண் ஈரம். மஜீத் மச்சான் கையைக் கழுவாமல் அங்கேயே நின்றார். கப்றுக்குள் இறங்கிப் பிள்ளையை வாங்கி வைத்தவர் அவர். அது என் வேலை. உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் முதல் உரிமை இல்லாத ஒரே வேலை.

"நான் அஸர்த் தொழுகை மட்டுக்கும் வைச்சிருப்பம் எண்டுதான் மச்சான் சொன்னனான்" என்றார். "ரயில் பிந்தி எண்டு ஸ்டேசனில சொன்னவங்க. ஜெஸீமாதான், அவர் அதில இல்ல காக்கா, எடுங்க எண்டா. எனக்கு அதுக்கு மேல கதைக்க ஏலாமப் போச்சு."

வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். ஏன் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று மட்டும்தான் கேட்டேன். அறை நிறையப் பெண்கள். நீ தலையை நிமிர்த்தாமல், "உங்களுக்கு எங்க நேரம்" என்றாய்.

அது உன் வீடு, உன் வாப்பா உனக்குக் கட்டித் தந்தது. இத்தனை வருடத்தில் அன்றுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. அதனால்தான் நிற்கவில்லை.

நாளைக்குக் கொழும்புக்குப் போகிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. நான் அந்த ரயிலில் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

அபூதாஹிர்


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
17.6.1967

மச்சானுக்கு,

யார் சொன்னது என்று கேட்கிறீர்கள். நீங்கள்தான் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்கியது. புதன்கிழமை டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். அசைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் ஆபத்து என்றார். வியாழக்கிழமை விடிய உங்களுக்குத் தந்தி கொடுத்தேன். அன்று முழுக்க அவள் கேட்டது ஒன்றைத்தான். "வாப்பா வாறாரா?" ஓம், வாறார் என்று சொன்னேன். எனக்கு உறுதியில்லாத ஒன்றைச் சொல்கிறேனே என்று மனம் உறுத்தியது. தந்திக்குப் பதில் வரவில்லை. மாலையாகியும் வரவில்லை.

ஒன்பது மணியாக நான்தான் றேடியோவைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேளுங்கள். உங்களைக் கேட்பதற்கு அல்ல. உங்கள் வயலின் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. வயலின் கேட்டால் கொழும்பில் நிற்கிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் கேட்காவிட்டால் ரயிலில் இருக்கிறீர்கள். அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன், "கேட்டுக்கொண்டிரு மகள், இண்டைக்கு வாப்பாட வயலின் வராது. ஏனெண்டா வாப்பா ரயில் ஏறிட்டார்."

அறிவிப்பாளர் உங்கள் பெயரைச் சொன்னார். நீங்கள் வாசிக்கத் தொடங்கினீர்கள்.

நன்றாக வாசித்தீர்கள். அதையும் எழுதுகிறேன். கையில் ஒரு நடுக்கமும் இல்லை. தந்தியைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் இப்படி வாசிக்க ஏலுமா என்று நினைத்தேன்.

பிள்ளை கண்ணைத் திறந்தாள். அவளுக்குச் சுயநினைவு பாதிதான். "கதவத் தொறங்க உம்மா. வாப்பா வந்திட்டார்" என்றாள்.

நான் சொன்னேன், "இல்ல மகள். அது றேடியோ. வாப்பா கொழும்பில நிண்டு வாசிக்கிறார்."

நான் ஆசிரியை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்வதில்லை. அன்று பகலில் ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதைத் திருத்தினேன். அதற்குப் பிறகு அவள் வாப்பாவைக் கேட்கவில்லை. ஒன்றையும் கேட்கவில்லை. விடியற்காலை ஸுபஹு பாங்குக்கு முன்னர் முடிந்துவிட்டது.

காலையில் காக்கா வந்து, ரயில் பிந்தி, மச்சான் அதில் இருக்கக்கூடும், அஸர் வரை வைத்திருப்போமா என்று கேட்டார். காத்திருந்து பழக்கப்பட்ட பிள்ளை. மையித்தாகியும் உங்களுக்காக அவள் காத்துக்கிடப்பதை நான் விரும்பவில்லை. எடுங்கள் என்று சொன்னேன். இன்னொரு தரம் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

காட்டுக்குள் நின்ற ரயிலின் கதையை ராத்தாவுக்குச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குக் கொழும்பில் வாசித்தவர், அதற்கு முன்னரே புறப்பட்ட ரயிலில் எப்படி இருந்தார் என்று அவ கேட்கமாட்டா. நிகழ்ச்சி முடிந்த பிறகு யாருடைய காரிலோ வந்திருப்பீர்கள். வேலையை முடித்துவிட்டு வந்தேன் என்று நேரே சொல்லியிருந்தால் இவ்வளவு கசந்திருக்காது.

ஜெஸீமா


வெள்ளவத்தை,
கொழும்பு.
26.6.1967

ஜெஸீமா,

அது டேப்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெளியே போய்க் கடற்கரையில் நின்றுவிட்டு வந்தேன். இனி மற்றதை எழுதுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் வருவேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அதற்காக மூன்று வியாழக்கிழமைக்குரிய நிகழ்ச்சிகளை முன்னரே வாசித்து டேப்பில் பதிந்து வைத்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வராமல் போன தடவைகள் கூடிவிட்டன, இந்த முறை சொல்லாமல் வந்து வாசலில் நிற்போம் என்று நினைத்தேன். உன் தந்தி வந்தபோது அன்றைய இரவு ரயிலின் டிக்கட் என் சட்டைப் பையில் இருந்தது. நீங்கள் கேட்டது, அதற்கு முந்திய கிழமை நான் வாசித்தது. கை நடுங்காததற்கு அதுதான் காரணம். வீட்டுக்குப் போகப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் வாசித்தேன்.

பதில் தந்தி கொடுத்திருக்கலாம். பின்னேரம் ஒரு பாட்டுப் பதிவு இருந்தது. விட்டுவிட்டு வந்திருக்கலாம். முடித்துவிட்டு ஓடினால் ரயிலைப் பிடிக்கலாம், தந்தியும் நானும் ஒன்றாகத்தான் போய்ச் சேருவோம் என்று கணக்குப் போட்டேன். தபால் கந்தோரைத் தாண்டித்தான் ஸ்டேசனுக்கு ஓடினேன்.

இன்னும் ஒன்று. டேப்பில் பதியும் வசதி வந்து சில வருடங்களாகிறது. உன்னிடம் நான் சொன்னதில்லை. நேரடி ஒலிபரப்பு என்றால் நீ நம்பினாய், மஜீத் மச்சானிடமும் எனக்காகக் கதைத்தாய். டேப்பில் பதிந்துவிட்டு ஊருக்கு வந்திருக்கக்கூடிய வியாழக்கிழமைகள் நிறைய. அவற்றில் வேறு இடங்களில் போய் வாசித்தேன். கூப்பிட்டார்கள், போனேன். நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டுதான் நீ அன்று கணக்குப் பார்த்தாய். உன் கணக்கில் பிழையில்லை.

உன்மீது கோபமில்லை என்று எழுதினால் பொய். கோபம் என்று எழுதினாலும் பொய். அன்று ஒன்பது மணிக்கு ரயில் பொல்கஹவலைக்கு இந்தப் பக்கம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. பெட்டி என் மடியில். மூதூருக்குப் போனால் அவளுக்குக் கடலில் தலைசுற்றுமா என்று யோசித்தேன். தந்தியில் அப்படி ஒரு சொல் இருக்கும்போதே, மனிதன் அதைத்தான் யோசிக்கிறான்.

நீ எழுதியதில் ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கதவைத் திறக்கச் சொன்னாளாமே.

அவள் சொன்னது சரிதான் ஜெஸீமா. நான் வந்துகொண்டுதான் இருந்தேன்.

அபூதாஹிர்


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
16.7.1967

அன்புள்ள மச்சானுக்கு,

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்தது. நீங்கள் வராததைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காக்காவும் சொல்லவில்லை.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கதிரையில் இருந்தவர் நிலத்தில் வந்து குந்திவிட்டார். "அப்ப அவர்ர இடத்திலயா புள்ள நான் எறங்கினன்?" என்றார். பிறகு, "பிடில்காரன் எண்டு இனிச் சொல்லமாட்டன்" என்றார். சின்னப் பிள்ளை சொல்வது போலச் சொன்னார். அவர் முன்போல வந்து வாசலில் நின்று ஏதாவது குத்திக் கதைத்தால் நன்றாக இருக்கும் போலிருக்கிறது. இப்போது வருகிறார், தேத்தண்ணி குடிக்கிறார், போகிறார்.

உங்கள்மீதிருந்த கோபம் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன், சமைத்தேன், வந்தவர்களோடு கதைத்தேன். அதை எடுத்துவிட்டீர்கள். எடுத்த இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பாடசாலைக்குப் போகிறேன். பிள்ளைகள் பிழையான விடை சொன்னால் 'இல்லை' என்று சொல்ல வாய் வருகிறதில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளை ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முழு வகுப்பும் சிரிக்க, அவளே திருத்திக்கொண்டாள்.

பகலில் அவளுக்குச் சொன்னது உண்மை. பொய் என்று நினைத்துத் திருத்தியதுதான் பொய். ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்ன சொல். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் வேறு ஒன்றாக மாறுகிறதில்லை. கதவு எனக்கு நாலே எட்டு வைக்கும் தூரத்தில்தான் இருந்தது. திறந்துவிட்டிருக்கலாம். காற்று வரட்டும் என்றாவது திறந்திருக்கலாம்.

இன்னொரு தரம் கேட்டாலும் அதையே சொல்வேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியைக் கிழித்துவிடுங்கள்.

வாருங்கள் என்று எழுத எனக்கு வாய் இல்லை. வராதீர்கள் என்றும் எழுதவில்லை.

ஜெஸீமா


வெள்ளவத்தை,
கொழும்பு.
2.8.1967

அன்புள்ள ஜெஸீமா,

அந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. பிள்ளை பேசியது அதில்தான் இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டேன். யோசித்துப் பார் என்றார்கள். யோசித்துவிட்டேன் என்றேன். என்னோடு படித்த சின்னராசா, துறைமுகத்தில் கப்பல் சாமான் கணக்கெடுக்கும் வேலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். "கை ரெண்டிலயும் சாக்குத் தூசி ஏறும், பறுவாயில்லையே மாஸ்டர்?" என்று எழுதியிருக்கிறான். பறுவாயில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் இறங்குவேன். இந்த முறை நாள் குறித்துத்தான் எழுதுகிறேன்.

அபூதாஹிர்


இதே வீடு.
10.1.1968

அன்புள்ள மச்சானுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை. உங்கள் கோப்பைக்குக் கீழே வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறேன். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனால் நீங்கள் வந்த நாளிலிருந்து நாம் கதைத்ததை எல்லாம் சேர்த்தால் இந்தத் தாளில் பாதிக்கும் வராது. "தேத்தண்ணி வைக்கவா?" "வை." "கப்பல் வந்திருக்கா?" "ஓம்." கொழும்பிலிருந்து எழுதும்போது நீங்கள் என்னோடு கூடக் கதைத்தீர்கள்.

நீங்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள். ஒரு நாளும் பிந்தியதில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் கேட்டது இதைத்தான், வேலை முடிந்து பொழுதோடு வீடு வரும் ஒரு புருஷனை. இப்போது ஐந்து மணியாகும்போது குசினிக்குள் போய் இல்லாத வேலையைத் தேடுகிறேன். நீங்கள் உடுப்பை மாற்றிச் சாரம் உடுத்திக்கொண்டு வந்து கதவுக்கு நேரே கதிரையைப் போட்டு இருக்கிறீர்கள். ஏன் அந்தக் கதவுக்கு நேரே? கேட்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், அவளுக்கு நான் சொன்ன பதிலைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை நீங்கள் குடாவில் நிற்கும் கப்பலைத்தான் பார்க்கிறீர்களோ என்னவோ.

றேடியோவுக்கு மேலே துணி போட்டவர் நீங்கள். வயலினை அலுமாரிக்கு மேலே ஏற்றியவரும் நீங்கள். நான் கேட்கவில்லை. அலுமாரியைத் துடைக்கும்போது பெட்டியை எடுத்துத் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைக்கிறேன், மையவாடியில் கட்டையைச் சுற்றிப் புல்லுப் பிடுங்குவது போல. நீங்கள் தூங்கும்போது உங்கள் இடதுகை விரல்கள் படுக்கையில் அழுத்தி அழுத்தி ஓடுகின்றன. ஒரு நாள் உற்றுப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை றேடியோவில் வாசித்ததுதான் என்று எனக்குத் தோன்றியது. விரலைப் பார்த்துப் பாட்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. ஆனாலும் அதுதான் என்று நினைத்தேன், எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன்.

அவளுக்காக விட்டீர்கள் என்றால், அவள் கேட்டது ஒரு கிழமையும் ஒரு லாஞ்சிப் பயணமும்தான். வயலினை விடச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்காக விட்டீர்கள் என்றால், அது எனக்குத் தண்டனை. நீங்கள் தண்டிப்பதற்காகச் செய்யவில்லை என்று தெரியும். தெரிந்திருப்பதால் அது இன்னும் கூடுகிறது.

போங்கள். நான் உங்களைத் துரத்தவில்லை. முன்பு உங்களுக்குக் கூடுதலாக இருந்த வேலையோடு சண்டை பிடித்தேன். இப்போது உங்களிடம் ஒன்றும் இல்லாததோடு இருக்க என்னால் ஏலாது.

கோப்பையைக் கழுவ வேண்டாம். நான் வந்து கழுவுகிறேன்.

ஜெஸீமா


வெள்ளவத்தை,
கொழும்பு.
20.1.1968

அன்புள்ள ஜெஸீமா,

வந்து சேர்ந்தேன். என் கதிரையில் வேறொருவன் இருக்கிறான், நான் நினைத்தபடியே நன்றாக வாசிக்கிறான். பின்வரிசையில் எனக்கு ஓர் இடம் தந்தார்கள். வியாழக்கிழமை நிகழ்ச்சியில் தனி வாசிப்பு ஒன்றும் தந்திருக்கிறார்கள், பழைய தயவுக்கு.

முதல் நாள் விரல் நுனி வெடித்துவிட்டது. சாக்குத் தூசியில் கிடந்த கை. ஒரு வகையில் சுகமாக இருந்தது.

கதவுக்கு நேரே நான் ஏன் இருந்தேன் என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தில்தான் காற்று வரும். அவ்வளவுதான். அப்படி எழுதிவிட்டேன், ஆனால் நீ நம்பமாட்டாய். நானும் நம்பவில்லை.

உன் கடிதத்தைக் கோப்பைக்குக் கீழே கண்டபோது, நீ வரும் வரை இருந்து ஏதாவது கதைத்திருக்க வேண்டும். உன் வீட்டுக் கதவை வெளியே நின்று சாத்தும்போது என்ன செய்கிறோம் என்று தெரியாமல்தான் சாத்தினேன்.

ஒரு விஷயம். வியாழக்கிழமை நிகழ்ச்சி சில கிழமை நேரடி, சில கிழமை டேப். எது எப்போது என்று முன்னரே எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் உனக்கு எழுதி அனுப்பட்டுமா? நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அபூதாஹிர்


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
9.2.1968

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதி அனுப்ப வேண்டாம்.

நேற்று றேடியோவின் துணியை எடுத்தேன். துணிக்குக் கீழே மரத்தின் நிறம் மாறவில்லை, அவள் தொடுகிற இடத்தில் மட்டும் மினுக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒன்பது மணிக்குப் போட்டேன். இரண்டு பாட்டு முடிந்தது. பிறகு உங்கள் பெயரைச் சொன்னார்கள்.

நீங்கள் கொழும்பில் நின்று வாசித்தீர்களா, அல்லது வாசித்து வைத்துவிட்டு வேறு எங்கேயாவது இருந்தீர்களா, எனக்குத் தெரியாது. வாசிப்பில் ஓர் இடத்தில் வில் கொஞ்சம் இடறியது. அதை வைத்தும் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. எழும்பிப் போய் வாசல் கதவைத் திறந்தேன். இரண்டு பக்கமும் விரியத் திறந்து, காற்றுக்கு அடிக்காமல் ஒரு பக்கத்துக்குக் கதிரையை முட்டுக்கொடுத்தேன்.

குடாவில் ஒரு கப்பல் விளக்கோடு நின்றது. றோட்டில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அன்னலட்சுமியக்கா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "ஆர் வாறது டீச்சர், இந்த நேரத்தில?" என்று கேட்டா.

முன்பென்றால் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருப்பேன். அதுதானே சரியான பதில். 

"பாப்பம் அக்கா" என்றேன்.

அவ பிறகு தன் வீட்டு விளக்கை அணைக்காமல் உள்ளே போனா.

நீங்கள் வாசித்து முடித்தீர்கள். செய்தி வாசித்தார்கள். அன்றைய ஒலிபரப்பை முடித்தார்கள். நான் றேடியோவை நிறுத்திவிட்டுக் கதவுக்கு நேரே, நீங்கள் வழக்கமாக இருந்த இடத்தில் இருந்தேன். காற்று அங்கேதான் வருகிறது, நீங்கள் சொன்னது உண்மைதான்.

விடியற்காலையில் ரயில் கூவுவது கேட்டது. பிந்தவில்லை. ஸ்டேசனிலிருந்து பெட்டியோடு ஒரு மனிதர் நடந்து வர எடுக்கும் நேரம் வரை இருந்தேன். அதற்கு மேலும் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழும்பிக் கதவைச் சாத்தினேன்.

ஜெஸீமா